சிவப்பு ஸ்வெட்டர் செய்தி

தைப்பூசத்தன்று பழனியில் போன் இருந்தும் இல்லாத மாதிரிதான். அத்தனை லட்சம் பேர் ஒரே ஊருக்குள் வந்து நின்றால் டவர் என்ன செய்யும்? திரையில் சிக்னல் கோடுகள் முழுசாகக் காட்டும். எண்ணை அழுத்தினால் ஒரு சத்தமும் வராது. அதனால் வருஷா வருஷம் குமரகுரு மாமாவும் அவருடைய ஹாம் ரேடியோ நண்பர்களும் அடிவாரத்தில் பந்தல் போட்டு உட்காருகிறார்கள். அவர்களுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. மாமாவுக்குக் கொடைக்கானலில் ஹீட்டர், மிக்ஸி ரிப்பேர் செய்கிற கடை. மற்றவர்களும் அப்படித்தான், ஆளுக்கொரு தொழில். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக செட் வாங்கி, ஊருக்கு ஊர் பேசிக்கொள்கிறவர்கள். கொடைக்கானல் மலை உச்சியில் இவர்களுக்காக ஒரு கம்பமும் பெட்டியும் இருக்கின்றன. பழனியில் பேசினால் குரல் அங்கே ஏறி, வத்தலக்குண்டிலும் தாராபுரத்திலும் இறங்கும்.

எனக்கு லைசென்ஸ் கிடையாது. அதனால் செட்டில் பேசக் கூடாது. வருகிற செய்திகளை எழுதிக் கொடுக்கலாம். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது.

அன்று காலையிலிருந்து பந்தலுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் செருப்பைத் தொலைத்தவர்கள். ஒரு பெரியவரை யாரோ கூட்டி வந்து, "இவரு தொலைஞ்சு போயிட்டாரு, அறிவிச்சு விடுங்க" என்று உட்கார வைத்துவிட்டுப் போனார்கள்.

"நான் எங்கய்யா தொலைஞ்சேன்?" என்றார் அவர். "எம்மகனும் மருமகளும்தான் தொலைஞ்சது. அவங்க சொன்ன எடத்துலயேதான நான் நின்னேன்?"

செட்டில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த வத்தலக்குண்டு மணியன், "அப்ப மகனோட அங்க அடையாளத்தக் கேட்டு எழுதுங்க குரு" என்று சிரித்தார். மணியனுக்கு வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பூக்கடை. கூட்டம் திரும்பிப் போகும் வழியென்பதால் அவர் கடையிலேயே ஒரு செட்டை வைத்துக்கொண்டு இருந்தார். நாளெல்லாம் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஒரு பெண் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோளில் ஒரு பெரிய துணிப்பை. புடவையின் கீழ்ப்பகுதி முழுக்க ஈரம்.

"பாப்பாவக் காணோம்" என்றாள். அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை.

மாமா எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். "உக்காருங்கம்மா. எந்த ஊரு?"

"மன்னவனூருங்க."

கொடைக்கானலுக்கு மேலே, எங்கள் மலைதான். அவள் பெயர் முருகேஸ்வரி. பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். மகள் ஸ்வேதாவுக்கு நாலு வயது. பிறந்ததிலிருந்து வளர்த்த முடியைப் பழனிக்குக் கொடுப்பதாக நேர்த்தி. விடியுமுன் ஜீப்பில் இறங்கி, மொட்டை அடித்து, குளிப்பாட்டி, தலையில் சந்தனம் பூசியாயிற்று. ஈரத் துணியைப் பிழிந்து பையில் திணிப்பதற்காகக் கையை விட்டிருக்கிறாள். நிமிர்ந்தபோது பிள்ளை இல்லை. அவள் கணவன் செந்தில்வேல் முடிக்கொட்டகைப் பக்கம் தேடிக்கொண்டிருந்தான்.

மாமா செட்டை எடுத்து எல்லோரையும் கூப்பிட்டார். பெண் குழந்தை, நாலு வயது, பெயர் ஸ்வேதா, தலை மொட்டை, சந்தனம் பூசியிருக்கிறது.

ஊருக்கு வடக்கே தாராபுரம் ரோட்டில் நின்றிருந்த குழந்தைவேல் உடனே பதில் சொன்னார். "அண்ணே, நான் நிக்கிற எடத்துலருந்து பாத்தாலே நாப்பது மொட்ட தெரியுது. ஆணா பொண்ணான்னே தெரியல. வேற அடையாளம் சொல்லுங்க."

"என்னம்மா போட்டிருக்கா பாப்பா?"

"செவப்பு ஸ்வெட்டருங்க. கழுத்துல வெள்ளப் பூ போட்டது."

அவள் யோசிக்கவே இல்லை. கேட்டவுடன் வந்த பதில். அவ்வளவு உறுதியாகச் சொன்னதால் யாரும் திரும்பக் கேட்கவில்லை. நான் எழுதினேன்.

ரேடியோவில் ஒரு வழக்கம் உண்டு. செய்தியை வாங்கியவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு சொல் மாறினாலும் முதலிலிருந்து சொல்வார்கள். குழந்தைவேல் திருப்பிச் சொன்னார். பழனி பஸ் ஸ்டாண்டிலிருந்து சொன்னார்கள். மணியன் விளையாட்டுப் பேச்சை விட்டுவிட்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சிவப்பு ஸ்வெட்டர், கழுத்தில் வெள்ளைப் பூ. எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்தது. போலீஸ்காரர்களும் எழுதிக்கொண்டு போய் மைக்கில் சொன்னார்கள். பந்தலுக்கு வந்த ஒருவர் நான் எழுதிய தாளை போனில் படம் எடுத்தார். "ஊரத் தாண்டுனா சிக்னல் கெடைக்கும். எல்லா குரூப்லயும் போட்டு விட்டுர்றேன்" என்றார். நல்ல மனுஷர். முருகேஸ்வரி அவரைக் கும்பிட்டாள்.

பிறகு காத்திருந்தோம். காவடிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு காவடிக்குப் பின்னாலும் மொட்டைத் தலைகள், மஞ்சள் சந்தனத்தோடு. முருகேஸ்வரி ஒவ்வொன்றையும் எழுந்து பார்த்து உட்கார்ந்தாள். யாரோ கொடுத்த மோர் அவள் கையிலேயே இருந்தது. நடுவில் செந்தில்வேல் வந்தான். அவளைத் திட்டுவான் என்று நினைத்தேன். அவன் பந்தலுக்குள் கூட வரவில்லை. வெளியிலிருந்தே அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

உச்சி வெயில் தாண்டிய பிறகு மணியன் கூப்பிட்டார். கத்தினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"குரு! கெடச்சிருச்சு! பழனி பஸ்ல ஒருத்தன் மடியில வச்சிருந்தான். பொம்பளப் பிள்ள, மொட்ட, செவப்பு ஸ்வெட்டர். சனம் பிடிச்சிருச்சு. இங்க ஒரே கூட்டமா கெடக்கு."

முருகேஸ்வரி அப்படியே மண்ணில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். மாமா என் தலையில் தட்டினார். செட்டை வாய்க்கருகில் வைத்து, "எல்லாரும் கேட்டுக்கங்க, குழந்தை வத்தலக்குண்டுல கிடைச்சாச்சு. தேடுறத நிறுத்திக்கலாம். நன்றி" என்றார். குழந்தைவேல், "அப்பாடா, நான் போய் ஒரு வாய் சாப்பிட்டு வரேன்" என்று செட்டை அணைத்தார்.

"பாப்பாகிட்டப் பேசலாமாங்க?" என்று கேட்டாள் முருகேஸ்வரி.

மணியன் கடைக்கு வெளியே போய்க் கூட்டத்துக்குள் நுழைவது சத்தத்திலேயே தெரிந்தது. "விடுங்கப்பா, வழி விடுங்க, தாயி பேசுது." யாரோ ஒருவன் இன்னொருவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். ஏதோ விழுந்தது. பிறகு ஒரு குழந்தையின் குரல், செட்டுக்கு ரொம்பப் பக்கத்தில், அழுது அழுது தொண்டை கட்டிப்போன குரல்.

"எங்கப்பாவ அடிக்காதீங்க... எங்கப்பாவ அடிக்காதீங்க..."

முருகேஸ்வரியின் முகத்தில் இருந்தது எல்லாம் போய்விட்டது.

"இது எம்பிள்ள இல்லீங்க" என்றாள்.

மாமா செட்டைத் தன் பக்கம் இழுத்தார். "மணியா, அந்தாள விடச் சொல்லு. அது அவரு பிள்ள. போலீசக் கூப்பிடு. வெரசா."

பதில் வரவில்லை. மணியன் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கூட்டத்தோடு போராடியிருக்க வேண்டும். அவர் கத்துவது எங்களுக்குக் கேட்டது. பொத்தானை விட்டால்தான் எதிர்ப்பக்கம் பேசுவது கேட்கும் என்பதால் நாங்கள் சொல்வது அவருக்குக் கேட்க வழியில்லை. "ஏலே, போதும்லே! அது அவரு பிள்ளைங்குது, கேளுங்கலே!" என்று அவர் தானாகவே கத்திக்கொண்டிருந்தார்.

முருகேஸ்வரிக்கு வியர்த்துக் கொட்டியது. முகத்தைத் துடைக்கத் துண்டு எடுப்பதற்காகப் பைக்குள் கையை விட்டாள். துண்டோடு சேர்ந்து ஒரு சிவப்புக் கை வெளியே வந்தது. பின்னல் கை. அவள் அதை முழுவதுமாக இழுத்தாள். கழுத்தில் வெள்ளைப் பூ.

பந்தலில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

"இங்கதான் கெடக்கு" என்றாள் அவள். "காலையில எறங்குனதும் வேர்க்குதுன்னு அழுதா. நாந்தான் கழட்டி வச்சேன்."

எங்கள் மலையில் தை மாதம் விடியற்காலை புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். பிள்ளைகள் எழுந்ததும் ஸ்வெட்டர் போட்டால் படுக்கும் வரை கழற்றுவதில்லை. பாதி நாள் அதோடுதான் தூங்கும். தன் பிள்ளையை மனசில் நினைத்தால் மன்னவனூர்க்காரிக்கு ஸ்வெட்டரோடுதான் தெரியும். இந்த வெயிலில் பழனியில் ஸ்வெட்டர் போட்டு ஒரு குழந்தை நடக்குமா என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாமாவும் மலைக்காரர்தான். நானும்தான்.

"சரிம்மா, அழுகாதீங்க. இப்ப என்ன போட்டிருக்கா?"

"மஞ்சக் கவுனு."

மாமா வெளியே பார்த்தார். ரோடு முழுக்க மஞ்சள்.

"வேற? மச்சம், தழும்பு, கொலுசு?"

"ஒண்ணுமில்லீங்க. சாதாரணப் பிள்ளைங்க."

நான் முருகேஸ்வரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கன்னம் இரண்டும் குளிரில் வெடித்து, கருஞ்சிவப்பாகத் தோல் உரிந்திருந்தது. மேல்மலைப் பிள்ளைகளுக்கு இந்த மாதத்தில் எல்லோருக்கும் அப்படித்தான். அதை யாரும் அடையாளம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் இங்கே ரோட்டில் போகிற பிள்ளைகளுக்குக் கன்னம் வழவழவென்று இருந்தது. தாளில், 'கன்னம் வெடிச்சிருக்குமா?' என்று எழுதி மாமா பக்கம் தள்ளினேன்.

மாமா படித்துவிட்டு அவளிடம் கேட்டார்.

"ஆமாங்க. ரெண்டு பக்கமும். தேங்காண்ண தடவித்தான் கூட்டிட்டு வந்தேன்."

வத்தலக்குண்டில் போலீஸ் வந்து கூட்டத்தை விலக்கி, மணியன் பொத்தானை விட்ட பிறகு மாமா மறுபடியும் எல்லோரையும் கூப்பிட்டார். சிவப்பு ஸ்வெட்டர் செய்தி ரத்து. கிடைத்தது வேறு குழந்தை. மஞ்சள் கவுன், மொட்டை, கன்னம் இரண்டும் குளிரில் வெடித்துச் சிவந்திருக்கும். பழனி பஸ் ஸ்டாண்டு திருப்பிச் சொன்னது. குழந்தைவேலிடமிருந்து பதில் இல்லை. அவர் செட்டை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். மாமா அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவர் திரும்பி வந்து செட்டைப் போட்டதும் செய்தியைக் கேட்டார். 

"அண்ணே" என்றார். "மதியத்துக்குச் சத்த முன்னாடி ஒரு வேன் போச்சு. உள்ள ஏழெட்டு மொட்ட. நான் நிறுத்திப் பாத்தேன். செவப்பு ஸ்வெட்டர் இல்லன்னு விட்டுட்டேன். ஓரத்துல ஒரு பிள்ள கன்னம் ரெண்டும் புண்ணா இருந்துச்சு. வெயில்ல வெந்துருச்சு போலன்னு நெனச்சேன்."

அந்த வேன் எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. நீல வேன், முன்னால் மயில் படம், அவ்வளவுதான். தாராபுரத்தில் சக்திவேல் என்பவரிடம் செட் இருந்தது. மாமா அவரைக் கூப்பிட்டார். சக்திவேல் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகிற வழியில் நின்று நின்று அவர் சொல்வார்: இங்கே இல்லை, இங்கேயும் இல்லை. ஒவ்வொரு தடவையும் முருகேஸ்வரி தலையை மட்டும் ஆட்டினாள். ஸ்வெட்டரை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். செந்தில்வேல் வந்து அவள் காலருகில் தரையில் உட்கார்ந்தான். அவனிடம் ஸ்வெட்டரைக் காட்டினாள். அவன் அதை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டான்.

வெயில் சாயத் தொடங்கியபோது சக்திவேல் கூப்பிட்டார்.

தாராபுரம் தாண்டி ஒரு தென்னந்தோப்பில் அந்த வேனை நிறுத்திச் சமைத்துக்கொண்டிருந்தார்களாம். மூன்று குடும்பங்கள் சேர்ந்து வந்த கூட்டம். கிளம்பும்போது மொட்டைகளை எண்ணியிருக்கிறார்கள். கணக்கு சரியாக இருந்திருக்கிறது. அவர்களுடைய பையன் ஒருவன் மாமன் கூட முன்னாலேயே பைக்கில் போய்விட்டது யாருக்கும் ஞாபகமில்லை. எங்கள் பிள்ளை ஏறியதும் தூங்கிவிட்டிருக்கிறது. சோறு போட உட்கார வைத்தபோதுதான், இது யார் பிள்ளை என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். பழனிக்குத் திரும்பலாமா, போலீசுக்குப் போகலாமா என்று சண்டை நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் சக்திவேல் போய் நின்றார்.

மாமா இந்தத் தடவை கிடைத்தாயிற்று என்று யாருக்கும் சொல்லவில்லை. "பிள்ளையப் பேசச் சொல்லு" என்றார். செட்டை முருகேஸ்வரியின் வாயருகே பிடித்தார்.

"பாப்பா?"

கரகரவென்று கொஞ்ச நேரம். பிறகு, "நீ வேணாம். அப்பாகிட்டக் குடு."

"ஏஞ்சாமி?"

"மொட்ட அடிக்கையில நீதான தலையப் பிடிச்ச?"

செந்தில்வேல் சிரித்தான். சிரித்துக்கொண்டே பந்தலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான்.

பிள்ளை வந்து சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது. மாமா தன் ஜீப்பிலேயே அவர்களை ஏற்றிக்கொண்டார். நேராகப் பழனி மலைப்பாதையில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். முருகேஸ்வரிதான், "வத்தலக்குண்டு வழியாப் போலாங்களா? அடிபட்ட அந்த மனுசரப் பாக்கணும்" என்றாள்.

"சுத்து வழி. பிள்ளைக்குக் குளிரும்" என்றான் செந்தில்வேல்.

"குளிரட்டும்."

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் பெரியகுளம் பஸ் நிற்கிற இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். பெயர் பொன்னுவேல். பெரியகுளத்துக்கு மேலே மலையில் இருக்கிற அடுக்கத்துக்காரர். அவரும் மகளுக்கு மொட்டை அடித்துக்கொண்டு வந்தவர்தான். குளித்த பிறகு பிள்ளைக்கு நடுக்கம் கண்டதால் அவளுடைய சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டு மடியில் வைத்திருந்திருக்கிறார். இப்போது புருவத்தில் தையல். சட்டையில் பொத்தானே இல்லை. மகள் அவர் கக்கத்துக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். பக்கத்தில் மணியன், கையில் ஒரு பால் டம்ளரோடு. எங்களைப் பார்த்ததும் நகர்ந்து வழி விட்டார்.

முருகேஸ்வரி போய் நின்றாள். "அண்ணே."

அவர் நிமிர்ந்தார். அவள் இடுப்பில் இருந்த ஸ்வேதாவைப் பார்த்தார். "கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சுண்ணே. நாந்தாண்ணே தப்பாச் சொல்லிட்டேன். என்னாலதான்..."

"நீங்களா அடிச்சீங்க?" என்றார் அவர். கோபமாகக் கூட இல்லை. "பிள்ளையக் காணோம்னா யாரும் வாயில வந்ததத்தான் சொல்லுவாக. நானும் சொல்லியிருப்பேன். ஆனா அத்தன பேருல ஒருத்தன்கூட எம்பிள்ளகிட்ட, இது யாரு பாப்பான்னு கேக்கல."

மணியன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"போங்க. பிள்ளைக்குப் பனி ஆகாது" என்றார் பொன்னுவேல். அவ்வளவுதான். முருகேஸ்வரி கும்பிட்ட கையோடு கொஞ்ச நேரம் நின்றாள். அவர் மறுபடி நிமிரவில்லை.

பெரியகுளம் பஸ் வந்ததும் மணியனும் பொன்னுவேலோடும் பிள்ளையோடும் ஏறினார்.

"ஏப்பா, கடை?" என்றார் மாமா.

"கெடக்கட்டும் குரு. கெடச்சிருச்சுன்னு கத்துனது நானு. வீடு வரைக்கும் விட்டுட்டு வரேன்." இடுப்பில் சின்ன செட் இருந்தது.

நாங்கள் மலை ஏறினோம். வாழைகிரி தாண்டும்போது குளிர் ஜீப்புக்குள் வந்துவிட்டது. செந்தில்வேல் அப்போதுதான் போனை எடுத்துப் போட்டான்; ஒன்றன்பின் ஒன்றாக மணி அடித்தது. பூண்டு வியாபாரிகள் குரூப்பில் ஒரு படம் இருந்தது. என் கையெழுத்து. அதற்குக் கீழே யாரோ புதிதாகச் சேர்த்திருந்தார்கள்: 'மொட்டை அடித்துக் கடத்திச் செல்கிறான். பார்த்தால் விடாதீர்கள்.' செந்தில்வேல், தான்தான் அப்பா, குழந்தை கிடைத்துவிட்டது என்று போட்டான். அதற்குக் கீழேயே இன்னொருவர் அதே படத்தை மறுபடி அனுப்பினார்.

"அம்மா, குளிருது. ஸ்வெட்டர் குடு" என்றாள் ஸ்வேதா.

முருகேஸ்வரி அதை மடியில்தான் வைத்திருந்தாள். எடுக்கவில்லை. முந்தானையால் பிள்ளையின் தலையையும் உடம்பையும் சுற்றி இறுக்கிக்கொண்டாள்.

செட்டில் மணியன் கூப்பிட்டார். குரல் தணிவாக இருந்தது. "குரு, முன் சீட்டுல ஒருத்தரு போனப் பாக்காரு. திரும்பித் திரும்பி எங்களயும் பாக்காரு."

"ஸ்வெட்டர் போட்டிருக்கா பிள்ள?"

"இல்ல. பிள்ள அதத் தொடவே மாட்டேங்குது. ஆனா மொட்ட தெரியுதுல்ல."

"நீயே எந்திரிச்சு, அது அவரு பிள்ளதான்னு எல்லாருக்கும் சொல்லிரு மணியா. அவங்க கேக்கறதுக்கு முன்னாடி."

"சொல்றேன். அவரு எந்திரிச்சு வாராரு..."

ஜீப் ஒரு வளைவில் திரும்பியது. செட்டில் இரைச்சல். மாமா கூப்பிட்டார். இரைச்சல்தான். முருகேஸ்வரி முன் சீட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு செட்டையே பார்த்தாள். மாமா வண்டியை ஓரங்கட்டி, விளக்கை அணைக்காமல் நிறுத்தினார். பின்னால் வந்த கொடைக்கானல் பஸ் ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போனது.

"ஏன் நிக்குது?" என்றாள் ஸ்வேதா.

 மாமா இறங்கி, செட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பள்ளத்தின் விளிம்பு வரை போனார். கீழே வத்தலக்குண்டின் விளக்குகள் தெரிந்தன. முருகேஸ்வரியும் பிள்ளையோடு இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றாள். அங்கிருந்துதான் கேட்டது, விட்டு விட்டு.

"...சொல்லிட்டேன் குரு. அந்தாளு உக்காந்துட்டாரு... பிள்ள தூங்கிருச்சு... இவரு தூங்கல. யாரு எந்திரிச்சாலும் பிள்ளையப் பிடிச்சுக்கிறாரு..."

மாமா, "வீடு போய்ச் சேர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே இரு" என்றார்.

முருகேஸ்வரி ஜீப்புக்குத் திரும்பவில்லை. பிள்ளையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த செய்தி வரும் வரை அந்தக் குளிரிலேயே நின்றாள்.